"எனக்கு ஒண்ணும் இல்ல": வாய் சொல்றது ஒண்ணு, கண்ணு சொல்றது ஒண்ணு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கிரிக்கெட் சம்பவத்துல இருந்து ஆரம்பிக்கலாம். கிரிக்கெட் பிடிக்காதவங்க ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க, விஷயம் கிரிக்கெட் இல்லை.

2019 ஆகஸ்ட் 17. லண்டன் லார்ட்ஸ் மைதானம். ஆஷஸ் ரெண்டாவது டெஸ்ட், நாலாவது நாள். ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் ஆடிட்டு இருக்கார். பந்து போடுறது ஜோஃப்ரா ஆர்ச்சர், அவருக்கு அதுதான் முதல் டெஸ்ட். மணிக்கு சுமார் 148 கிலோமீட்டர் வேகத்துல ஒரு பவுன்சர். ஸ்மித்தோட இடது காதுக்குக் கீழே, கழுத்துல அடிக்குது. ஆள் அப்படியே தரையில சாய்ஞ்சுட்டார்.

டீம் டாக்டர் ஓடி வந்தார். உள்ளே கூட்டிட்டுப் போய் கன்கஷன் டெஸ்ட் எல்லாம் வச்சாங்க. பாஸ். ஒரு மணி நேரத்துக்குள்ள ஸ்மித் திரும்ப பேட்டோட வந்து, 92-ல அவுட் ஆனார். எல்லாரும் கைதட்டினாங்க. மறுநாள் காலையில எழுந்தா தலைவலி, ஒரு மாதிரி மந்தம். திரும்ப டெஸ்ட் வச்சப்போ முந்தின நாளைவிட மோசம். மேட்ச்ல இருந்து வெளியே. அவருக்குப் பதிலா மார்னஸ் லபுஷேன் இறங்கி 59 அடிச்சார். டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் சப்ஸ்டிட்யூட் அவர்தான். அந்த விதி அமலுக்கு வந்து அப்போ மூணு வாரம்கூட ஆகலை.

இதுல யார் தப்பு பண்ணாங்க? யாரும் இல்லை. அன்னைக்கு கையில இருந்த டெஸ்ட்டை ஒழுங்கா வச்சாங்க, அவர் பாஸ் பண்ணார். ஆனா அடிபட்ட மூளை அடுத்த நாள்தான் வாயைத் திறந்துச்சு. அதை அன்னைக்கே பிடிக்க ஏதாவது வழி இருக்கா? அந்த வழி கண்ணுல இருக்கலாம்னு ஒரு கூட்டம் ஆராய்ச்சியாளர்கள் நம்புறாங்க. இன்னைக்கு எபிசோடு அதைப் பற்றித்தான்.

இது எனக்கு ஏன் பர்சனல்

மூணு வருஷம் முன்னாடி, ஒரு மழை ராத்திரி, பைக்ல போகும்போது ஸ்கிட் ஆகி விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். மயக்கம் வரலை, ரத்தம் இல்லை, முட்டியில மட்டும் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க. நார்மல். "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க." நானும் அதையேதான் அம்மாகிட்ட சொன்னேன்: "எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். கோட்ல ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்குப் போகணும், கண்ணு அதுக்கும் அடுத்த வரியில போய் விழுது. பத்து நிமிஷத்துல தலை கனம், இருபது நிமிஷத்துல குமட்டல். ஆபீஸ்ல சொன்னா, "ஸ்கேன் நார்மல்தானே ப்ரோ?"ன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கும், தெரியும்ல? "டிராமா பண்றியா?" ரெண்டு வாரத்துல எனக்கே அந்த சந்தேகம் வந்துருச்சு.

அப்புறம் ஒரு கண் டாக்டர் ஒரு பேனாவை எடுத்து என் மூக்கை நோக்கி மெதுவா கொண்டு வந்தார். "ரெண்டா தெரியும்போது சொல்லுங்க சார்." பேனா இன்னும் ஒரு சாண் தூரத்துல இருக்கும்போதே எனக்கு ரெண்டு பேனா. சாதாரணமா அது மூக்குக்கிட்ட வர வரைக்கும் ஒண்ணாத்தான் தெரியணும். லட்ச ரூபா மெஷின் எதுவும் இல்லை, ஒரு பேனா. அன்னைக்குத்தான் "நான் பொய் சொல்லலை"ன்னு எனக்கே உறுதியாச்சு.

ஸ்கேன்ல ஏன் தெரியலை?

முதல்ல, கன்கஷன்னா என்ன? தமிழ்ல மூளை அதிர்வுன்னு சொல்லலாம். மூளை மண்டைக்குள்ளே திரவத்தில் மிதக்கும் மென்மையான ஒரு பொருள். தலை சட்டென்று ஆடும்போது, முக்கியமாகச் சுழலும்போது, உள்ளே இருக்கும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலையிலேயே அடி விழணும்னு அவசியமில்லை. உடம்பிலோ கழுத்திலோ பட்ட அடி தலையை உலுக்கினாலும் போதும். ஸ்மித்துக்கு அடி விழுந்ததே கழுத்துலதான்.

நரம்பிழை இழுபட்டதும் செல்லுக்கு உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்ய செல்லில் இருக்கும் பம்புகள் முழு மூச்சாக ஓடுகின்றன. அதற்கு நிறைய எனர்ஜி வேணும். ஆனால் அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையலாம். தேவை அதிகம், சப்ளை குறைவு. இதை மூளையின் எனர்ஜி நெருக்கடி என்கிறார்கள்.

இப்போ சி.டி. ஸ்கேன் என்ன பார்க்குது? எலும்பு உடைஞ்சிருக்கா, ரத்தம் கசிஞ்சிருக்கா, பெரிய வீக்கம் இருக்கா. உயிரைக் காப்பாத்துற கேள்விகள் இவை, அதனால அந்த ஸ்கேனைக் குறை சொல்லவே முடியாது. ஆனா அது ஒரு போட்டோ. டேட்டா சென்டரை வெளியில இருந்து போட்டோ எடுத்தா தீப்பிடிச்சிருக்கான்னு தெரியும். சர்வர் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் 200 மில்லி செகண்ட் லேட்டா பதில் சொல்லுதான்னு தெரியாது. அதுக்கு சர்வர்கிட்ட பேசிப் பார்க்கணும், பதில் வர நேரத்தை அளக்கணும். கன்கஷன்ல கட்டடம் அப்படியே நிக்கும், பதில்தான் தாமதமாகும்.

பேசிப் பார்க்கிறதுலதான் சிக்கல்

இன்னைக்கு விளையாட்டு மைதானங்கள்ல அதிகமா பயன்படும் முறைக்கு ஸ்கேட்னு பேர். 2023-ல வந்த ஆறாவது பதிப்புதான் இப்போ புழக்கத்துல இருக்கு. அதுல 22 அறிகுறிகளுக்கு 0-ல இருந்து 6 வரைக்கும் நீங்களே மார்க் போடணும்: தலைவலி எவ்வளவு, தலைசுற்றல் எவ்வளவு, இப்படி. கூடவே ஞாபகசக்தி, கவனம், பேலன்ஸ் சோதனைகள். மோசமான முறை இல்லை. ஆனா அதுல பெரிய பங்கு அடிபட்டவர் சொல்ற பதில்.

பதில் சொல்றவங்க ரெண்டு வகையில மாட்டிக்கிறாங்க. முதல் வகை, மறைக்கிறவங்க. நாளைக்கு செலக்ஷன், ஃபைனல், கான்ட்ராக்ட். "ஒண்ணும் இல்ல கோச்"னு சொல்லத்தான் தோணும். சீசன் ஆரம்பத்துல எடுக்கிற பேஸ்லைன் டெஸ்ட்டை வேணும்னே சொதப்பி வைக்கிற வீரர்களும் உண்டு. அப்புறம் நிஜமா அடிபட்டு மார்க் குறைஞ்சாலும் வித்தியாசம் தெரியாதில்ல?

ரெண்டாவது வகை, உண்மையைச் சொல்லியும் நம்பப்படாதவங்க. 2020 டிசம்பர் 4, கான்பெரா டி20 ஞாபகம் இருக்கா? நம்ம நடராஜன் இந்தியாவுக்காக முதல் டி20 ஆடின மேட்ச். கடைசி ஓவர்ல ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜா ஹெல்மெட்ல பட்டது. அவர் தொடர்ந்து ஆடினார், அப்புறம் தலைசுற்றல்னு உட்கார்ந்தார். அவருக்குப் பதிலா வந்த சாஹல் மூணு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். உடனே சர்ச்சை: "நிஜமாவே கன்கஷனா, இல்ல தந்திரமா?" ஆஸ்திரேலிய கோச் மேட்ச் ரெஃப்ரீகிட்ட வாக்குவாதமே பண்ணார். அறிகுறி தாமதமா வர்றது கன்கஷன்ல ரொம்ப சகஜம். ஆனா ஆதாரம்னு காட்ட ஒருத்தரோட வார்த்தை மட்டும்தான் இருந்தா, சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஸோ, ஒருத்தர் வார்த்தையை நம்பாம எடுக்கக்கூடிய ஒரு அளவு வேணும். அது பொய் சொல்றவரையும் பிடிக்கும், உண்மை சொல்றவரையும் காப்பாத்தும்.

சரி, ஏன் கண்ணு?

இப்போ ஒரு சின்ன எக்ஸ்பெரிமெண்ட். வண்டி ஓட்டிட்டு கேட்கிறவங்க தயவுசெஞ்சு வேண்டாம். போனை முகத்துக்கு நேரா பிடிச்சு, ஸ்க்ரீன்ல ஒரு வரியைப் படிங்க. தலையை அசைக்காம போனை மட்டும் வேகமா இடம் வலமா ஆட்டுங்க. எழுத்து கலங்குதா? இப்போ போனை அசைக்காம, அதே வேகத்துல தலையை "இல்லை இல்லை"ன்னு ஆட்டுங்க. எழுத்து தெளிவா நிக்குது, இல்லையா?

ரெண்டாவது தடவை உங்க உள்காது தலையின் அசைவை அளந்து, மூளைத்தண்டு வழியா கண் தசைக்கு எதிர்த்திசை கட்டளை அனுப்புச்சு. இதுக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய 10 மில்லி செகண்ட். உங்க கேமராவோட இமேஜ் ஸ்டெபிலைசேஷனுக்கு முன்னோடி இதுதான்.

இது ஒரு வகை அசைவு மட்டும்தான். ஒரு வார்த்தையில இருந்து அடுத்த வார்த்தைக்குக் கண் தாவுறது இன்னொண்ணு. இதுக்கு சக்கேட்னு பேர். பார்த்துட்டு இருக்கும்போது நாம ஒரு செகண்டுக்கு மூணு தடவை போல இப்படித் தாவுறோம். பறக்கிற காக்காவை வழுவழுன்னு பின்தொடர்றது மூணாவது. கிட்ட வர்ற பொருளைப் பார்க்க ரெண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்புறது நாலாவது. இதுல ஒவ்வொண்ணுக்கும் மூளையோட பல பகுதிகள் சேர்ந்து வேலை செய்யணும்: முன்மூளை முடிவெடுக்குது, சிறுமூளை துல்லியத்தைச் சரிபார்க்குது, மூளைத்தண்டு கட்டளையை அனுப்புது. ஒவ்வொரு கண்ணிலும் ஆறு தசைகள், அவற்றை இயக்க மூணு மண்டை நரம்புகள்.

அதாவது கண்ணை ஒரு தடவை அசைக்கிறதுங்கிறது மூளை முழுக்க ஓடுற ஒரு இன்டெக்ரேஷன் டெஸ்ட் மாதிரி. எங்கே ஒரு வயர் பலவீனமானாலும், எண்ட்ல ஏதோ ஒரு நம்பர் மாறும். அந்த நம்பரை மில்லி செகண்டுல அளக்கலாம். நம்ம நினைப்பால அதை மாத்தறது கஷ்டம்.

ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில கன்கஷன் ஆன 100 டீன் ஏஜ் பிள்ளைங்களோட கண்ணை முழுசா சோதிச்சு, 2016-ல முடிவுகளை வெளியிட்டாங்க. 69 பேருக்கு ஏதாவது ஒரு பார்வைக் கோளாறு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு கிட்டப் பார்க்கும்போது ரெண்டு கண்ணும் சரியா குவியலை. என் பேனா கதை இதுதான். ஒரு விஷயம் கவனிங்க: இவங்க எல்லாம் சிறப்பு கிளினிக்குக்கு வந்த பிள்ளைங்க. அதனால கன்கஷன் ஆன எல்லாருக்கும் 69 சதவீதம்னு எடுத்துக்க முடியாது.

என்னென்ன அளக்கிறாங்க?

எளிமையானதுல இருந்து போவோம்.

முதலாவது, கை வைத்தியம் மாதிரி: வாம்ஸ். 2014-ல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு உருவாக்கினது. ஒரு அளவுகோல், ஒரு மெட்ரோனோம், ஒரு டாக்டர், அவ்வளவுதான். கண்ணை மெதுவா ஓட்டச் சொல்வாங்க, தாவச் சொல்வாங்க, தலையை ஆட்டிட்டே ஒரு எழுத்தைப் பார்க்கச் சொல்வாங்க. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மந்தம் கூடுச்சான்னு கேட்பாங்க. குவிதலை மட்டும் சென்டிமீட்டர்ல அளப்பாங்க. மூக்கில இருந்து 5 சென்டிமீட்டர் அல்லது அதுக்கு மேல தூரத்துலயே ரெண்டா தெரிஞ்சா கவனிக்கணும். இங்கேயும் பாதி அளவு நோயாளி சொல்ற பதில்தான். ஆனா அறிகுறியைச் சும்மா கேட்காம, கிளறிவிட்டுக் கேட்கிறாங்க. நமக்கு லோட் டெஸ்ட் மாதிரி.

ரெண்டாவது, கிங்-டெவிக். 1976-ல பிள்ளைங்களோட வாசிப்புப் பிரச்சினைக்காக உருவான டெஸ்ட் இது. மூணு அட்டையில ஒற்றை இலக்க எண்கள், ஒழுங்கில்லாத இடைவெளியில. வேகமா சத்தமா படிக்கணும். ஸ்டாப்வாட்ச் போதும். 2011-ல குத்துச்சண்டை வீரர்கள்கிட்ட சோதிச்சு, தலையில அடி வாங்கினவங்களுக்கு நேரம் கூடுதுன்னு காட்டினப்போ விளையாட்டு உலகம் திரும்பிப் பார்த்தது. பொதுவா இதை ரெண்டாவது தடவை படிச்சா பழக்கத்தால இன்னும் வேகமாத்தான் படிப்போம். அதனால மெதுவானாலே சந்தேகம். ஆனா பின்னாடி இங்கிலாந்து ரக்பியில சோதிச்சப்போ எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யலை. பேஸ்லைன் வேணும்ங்கிற பழைய தலைவலியும் இருக்கு.

மூணாவது, வட்டம். ஸ்டான்ஃபோர்டில் நியூரோ சர்ஜனா இருக்கிற ஜாம்ஷித் கஜார் பின்னால நின்ன ஐ-சிங்க் கருவி. வி.ஆர். ஹெட்செட் மாதிரி ஒண்ணை மாட்டினா, உள்ளே ஒரு புள்ளி வட்டமா சுத்தும். அதைக் கண்ணால தொடரணும். இதுல என்ன பெரிய விஷயம்? நல்ல மூளை புள்ளியைத் துரத்தாது, அது அடுத்து எங்கே வரும்னு கணிச்சு முன்கூட்டியே போகும். கேரம் போர்டுல காய் போற திசையை கண்ணு முன்னாடியே பிடிக்கிற மாதிரி. அடிபட்ட மூளையில அந்த டைமிங் தடுமாறும். கண்ணு ஒருமுறை பின்தங்கும், ஒருமுறை முந்தும். அந்தத் தடுமாற்றத்தை, நம்ம பாஷையில ஜிட்டரை, அளக்கிறாங்க.

நாலாவது, ஐபாக்ஸ். எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்ஜினியரிங் கதை இது, கொஞ்சம் நிதானமா சொல்றேன். சாதாரண ஐ டிராக்கர் எப்படி வேலை செய்யுது? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணுல அடிப்பாங்க. கருவிழி மேல ஒரு சின்ன மினுக்கம் தெரியும், நடுவுல பாப்பா இருண்ட வட்டமா தெரியும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரமும் திசையும் தெரிஞ்சா கண் எங்கே பார்க்குதுன்னு கணக்குப் போடலாம். ஆனா ஒவ்வொருத்தர் கண்ணும் வேற. அதனால முதல்ல "இந்தப் புள்ளியைப் பாருங்க, அந்தப் புள்ளியைப் பாருங்க"ன்னு கேலிபரேட் பண்ணுவாங்க.

நியூரோ சர்ஜன் உஸ்மா சமதானி பிடிச்ச இடம் இதுதான். ஒருத்தருக்கு ஒரு கண் நரம்பு பலவீனமா இருக்குன்னு வச்சுக்கோங்க. கேலிபரேட் பண்ணும்போது, அந்தக் கோணலையும் "இவருக்கு இதுதான் நார்மல்"னு மெஷின் கத்துக்கும். அதாவது எந்த பக்கைத் தேடுறோமோ, அதையே கேலிபரேஷன் அழிச்சுடும்! அதனால அவங்க கேலிபரேஷனையே தூக்கிட்டாங்க. ஒரு சின்ன வீடியோ ஸ்க்ரீனோட நாலு ஓரத்தையும் சுத்தி நகரும், நீங்க சும்மா பார்த்தா போதும், நாலு நிமிஷத்துக்கும் குறைவு. ரெண்டு கண்ணும் ஒண்ணா நகருதா, இல்ல ஒண்ணு பின்தங்குதான்னு ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடுவாங்க. உங்க கண்ணே உங்க கண்ணுக்குப் பேஸ்லைன். 2018 டிசம்பர்ல அமெரிக்க எஃப்.டி.ஏ. இதுக்கு அனுமதி கொடுத்தது: 5 முதல் 67 வயது வரைக்கும், அடிபட்ட ஒரு வாரத்துக்குள்ள, நோயறிதலுக்கு ஒரு துணையா மட்டும்.

ஐந்தாவது, பாப்பா. சினிமாவுல டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்களே, அதேதான், ஆனா மெஷினால. ஃபிலடெல்ஃபியா குழு 2020-ல வெளியிட்ட ஆய்வுல, கன்கஷன் ஆன 98 டீன் ஏஜ் விளையாட்டு வீரர்களையும் ஆரோக்கியமான 134 பேரையும் ஒப்பிட்டாங்க. அடிபட்டவங்க பாப்பா மந்தமா சுருங்கும்னுதானே நினைப்போம்? தலைகீழ். அது பெரிசா இருந்துச்சு, இன்னும் வேகமா சுருங்கி விரிஞ்சுது. ஒன்பது அளவுகள்ல எட்டுல வித்தியாசம். டார்ச் லைட் அடிக்கிற டாக்டர் கண்ணுக்கு இது "நல்லா ரியாக்ட் ஆகுது"ன்னுதான் தெரியும்.

போன்லயே பண்ண முடியாதா?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். பதில், எதை அளக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது. ஒரு சக்கேட் 40 மில்லி செகண்டுல முடிஞ்சுடும்னு வச்சுக்கோங்க. போன் கேமரா செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா, ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். மொத்தத் தாவலுக்கும் ரெண்டு, மூணு போட்டோதான் கிடைக்கும். செகண்டுக்கு 500 தடவை எடுக்கிற டிராக்கர்ல 20 கிடைக்கும். ரெண்டு புள்ளியை வச்சு கோடு போடலாம், வளைவைப் புரிஞ்சுக்க முடியாது.

பாப்பா மெதுவா மாறுற விஷயம், அதுக்கு போன் போதும். 2017-ல வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு பியூபில்ஸ்க்ரீன்னு ஒரு ஆப் காட்டினாங்க: ஒரு பெட்டிக்குள்ள போனை வச்சு, ஃபிளாஷ் அடிச்சு, நியூரல் நெட்வொர்க்கால பாப்பாவோட அளவை எடுக்கும். ஆனா நம்ம ஊர்க் கண்ணுக்கு இன்னொரு சவால் இருக்கு. கரும்பழுப்பு விழியில கறுப்புப் பாப்பாவோட ஓரம் சாதாரண கேமராவுக்குச் சரியா தெரியாது. அகச்சிவப்புல பார்த்தா விழி வெளுத்துத் தெரியும், ஓரம் பளிச்சுன்னு கிடைக்கும். 2022-ல சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, முகத்தை அடையாளம் காணுறதுக்காக போன்ல இருக்கிற அகச்சிவப்பு கேமராவையே இதுக்குப் பயன்படுத்திக் காட்டினாங்க. அவங்க குறி கன்கஷன் இல்லை, அல்சைமர் மாதிரியான நோய்கள். ஆனா கதவு திறந்திருக்கு. இன்னைக்கு ஆப் ஸ்டோர்ல கிடைக்கிற ஏதோ ஒரு "கன்கஷன் டெஸ்ட்" ஆப்பை நம்பி முடிவெடுக்காதீங்க.

80, 66: இந்த ரெண்டு நம்பர்

ஐபாக்ஸ் அனுமதிக்கான ஆய்வுல கிடைச்சது: கன்கஷன் இருக்கிறவங்களைப் பிடிக்கிற திறன் சுமார் 80 சதவீதம். இல்லாதவங்களை "இல்லை"ன்னு சரியா சொல்ற திறன் சுமார் 66 சதவீதம். நல்லா இருக்கா, மோசமா?

கணக்குக்காக, தலையில அடிபட்டு 100 பேர் வர்றாங்க, அதுல 20 பேருக்கு நிஜமா கன்கஷன்னு வச்சுப்போம். 20-ல 16 பேரை மெஷின் பிடிக்கும், 4 பேரை விட்டுடும். மீதி 80 பேர்ல 53 பேரைச் சரியா அனுப்பும், 27 பேருக்குத் தப்பா அலாரம் அடிக்கும். அதாவது அலாரம் அடிச்ச 43 பேர்ல 16 பேருக்குத்தான் நிஜம். அதைவிட முக்கியம், "ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பின 57 பேர்ல 4 பேர் கன்கஷனோட வெளியே நடந்து போறாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர் உங்க தம்பின்னா?

தூக்கம் இல்லாதது, குடி, சில மருந்துகள், வயசு, ஏற்கெனவே இருக்கிற மாறுகண், இது எல்லாமே கண் அளவுகளை மாத்தும். இதுக்கும் அடியில ஒரு ஆழமான சிக்கல் இருக்கு. மெஷின் லேர்னிங் பண்றவங்களுக்கு உடனே புரியும். மெஷின் சரியா சொல்லுதான்னு எதை வச்சு சரிபார்க்கிறோம்? டாக்டர், நோயாளியோட அறிகுறிகளைக் கேட்டு வச்ச லேபிளை வச்சு. எந்த முறையில நம்பிக்கை குறைவுன்னு கண்ணுக்கு வந்தோமோ, அதே முறைதான் விடைத்தாள். சரியான விடைத்தாளே இல்லாத பரீட்சை இது.

அப்போ வேஸ்ட்டா? இல்லை. நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: கண் அளவு உங்களை மைதானத்துக்கு வெளியே அனுப்பலாம், உள்ளே அனுப்பக்கூடாது. ஃபெயில் ஆனா உட்கார வைங்க. பாஸ் ஆனா அதை வச்சு மட்டும் விளையாட விடாதீங்க. ஸ்மித்தும் அன்னைக்கு பாஸ்தான்.

அப்போ நாம என்ன செய்யணும்?

கல்லூரி கிரவுண்டோ, டர்ஃபோ, பைக்கோ, தலை உலுங்கின பிறகு ஒருத்தர் குழப்பமா இருந்தா, தள்ளாடினா, "ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. மயக்கம் வரலையேன்னு விடாதீங்க, பெரும்பாலான கன்கஷன்ல மயக்கமே வராது. முதல் அடி ஆறாத மூளையில ரெண்டாவது அடி விழுறதுதான் பயம். அபூர்வமா, முக்கியமா இளவயசுல, அது உயிரையே எடுத்திருக்கு. வண்டியையும் ஓட்ட விடாதீங்க, யாராவது கொண்டு போய் வீட்டுல விடுங்க. அடுத்த ஒண்ணு, ரெண்டு நாள் கூட யாராவது இருக்கட்டும், அறிகுறி தாமதமா வரலாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிட்டே போற தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம், ஒரு பாப்பா மட்டும் பெரிசா இருக்கிறது: இதுல ஒண்ணு இருந்தாலும் 108-க்கு போன் பண்ணுங்க. அது கண் டெஸ்ட்டுக்கான நேரம் இல்லை, ஸ்கேனுக்கான நேரம்.

அப்புறம் நம்மள மாதிரி ஸ்க்ரீன்லயே வாழுறவங்களுக்கு: 2021-ல வெளியான ஒரு ஆய்வுல, 12 முதல் 25 வயசு வரைக்கும் இருக்கிற 125 பேரை ரெண்டா பிரிச்சாங்க. முதல் 48 மணி நேரம் ஸ்க்ரீனைத் தவிர்க்கச் சொன்னவங்களுக்கு அறிகுறி சரியாக நடுமதிப்பா 3.5 நாள். ஸ்க்ரீன் பார்க்கலாம்னு விட்டவங்களுக்கு 8 நாள். நான் விழுந்த அன்னைக்கு ராத்திரி என்ன பண்ணேன் தெரியுமா? தூக்கம் வரலைன்னு மூணு மணி வரைக்கும் ரீல்ஸ். அதுக்காக வாரக்கணக்கா இருட்டு ரூம்ல படுத்துக்கவும் வேண்டாம். ஒண்ணு, ரெண்டு நாள் ஓய்வுக்கு அப்புறம் மெல்ல நடக்கலாம்னுதான் இப்போதைய அறிவுரை. பெரும்பாலான பெரியவங்களுக்கு ரெண்டு வாரத்துல சரியாயிடும், பிள்ளைங்களுக்கு ஒரு மாசம்கூட ஆகலாம். அதுக்கு மேலயும் படிக்கக் கஷ்டம், ரெண்டா தெரியுதுன்னா, கண் டாக்டர்கிட்டயோ நரம்பியல் டாக்டர்கிட்டயோ போய், "தலையில அடிபட்டது, கண் குவிதலைச் சோதிங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. எனக்கு சில வாரக் கண் பயிற்சியில சரியாச்சு.

கடைசியா ஒண்ணு. உங்க டீம்ல யாராவது "ஸ்கேன் நார்மல், ஆனா முடியலை"ன்னு சொன்னா, "ஸ்கேன் நார்மல்தானே?"ன்னு திருப்பிக் கேட்காதீங்க. "ஸ்க்ரீனைப் பார்த்தா என்ன ஆகுது?"ன்னு கேளுங்க. என்கிட்ட யாராவது அதைக் கேட்டிருந்தா, ரெண்டு வாரம் என்னையே நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்.

இந்த எபிசோடை லீவு நாள்ல கிரிக்கெட் ஆடுற உங்க கேங் குரூப்ல ஒரு தடவை போட்டு விடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். ஹெல்மெட் ஸ்ட்ராப்பை மறக்காம மாட்டுங்க.